மலைக்காற்றுக்கு மெல்லிய கையுறை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

குளிர்கால நடைப்பயணத்துக்கு வேண்டிய உடைகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு எழுதியவர்களில் தலையையும் காலையும் பற்றிக் கேட்டவர்களைவிடக் கையைப் பற்றிக் கேட்டவர்களே அதிகம். மலையில் வாழ்பவர்களுக்கு இது வியப்பாக இராது. உடம்பை ஜெர்கினுக்குள்ளும் காதுகளை மங்கி குல்லாவுக்குள்ளும் ஒளித்துக்கொள்ளலாம். கை மட்டும் எந்நேரமும் ஏதாவது ஒரு வேலையைச் செய்தாக வேண்டும். ஆகவே இம்முறை பக்கம் முழுவதையும் கையுறைக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: நான் கோத்தகிரியிலிருந்து உதகைக்குத் தினமும் மோட்டார் சைக்கிளில் வேலைக்குச் செல்பவன். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு பறவை பார்க்கக் காலையிலேயே கிளம்பிவிடுவேன். டிசம்பர், ஜனவரி மாதங்களில் கனமான கம்பளிக் கையுறை அணிந்தும் விரல்கள் மரத்துப் போகின்றன. ‘விண்ட்புரூஃப்’ என்று அச்சிட்ட மெல்லிய கையுறைகள் கடைகளிலும் இணையத்திலும் நிறையக் கிடைக்கின்றன. கம்பளியில் பாதிக் கனம்கூட இல்லாத இவை குளிரைத் தாங்குமா? வாங்குமுன்பும் வாங்கிய பின்பும் நாமே சோதித்துப் பார்க்க வழி உண்டா, ஐயா? (கோத்தகிரி வாசகர்)

பதில்: தங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. கனமான கம்பளிக்குள்ளும் விரல் மரத்துப் போகிறது என்றால், கோளாறு அதன் பின்னல் கண்களில் இருக்கிறது. கம்பளி தானாகச் சூடு தருவதில்லை. அதன் சுருண்ட இழைகளுக்கு இடையே அசையாமல் தங்கும் காற்றுதான் கையின் சூட்டை வெளியே போகவிடாமல் காக்கிறது. வீட்டு முற்றத்தில் நிற்கும்போது அந்தக் காற்று அசைவதில்லை என்பதால் கம்பளி இதமாக இருக்கிறது. வண்டியைக் கிளப்பி வேகம் எடுத்ததும், ஒவ்வொரு பின்னல் கண் வழியாகவும் குளிர்காற்று புகுந்து, கை சூடாக்கி வைத்திருந்த காற்றை வெளியே தள்ளிவிடுகிறது. கை மறுபடி சூடாக்க, காற்று மறுபடி தள்ள, வழியிலுள்ள கட்டபெட்டு வந்து சேர்வதற்குள் விரல்நுனிகள் உணர்வை இழந்துவிடுகின்றன. நெருக்கமாக நெய்த நைலான் துணியோ, இரண்டு துணிகளுக்கு நடுவே ஒட்டப்பட்ட மெல்லிய சவ்வோ இந்தப் போக்குவரத்தை நிறுத்திவிடும். டெஃப்லான் என்று நாம் அறிந்த பொருளைச் சட்டென்று இழுத்து நீட்டினால், கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்த படலமாக அது மாறும் என்பதை 1969-இல் அமெரிக்காவின் பாப் கோர் கண்டறிந்தார். காற்றையும் நீர்த்துளியையும் தடுத்து, வியர்வை ஆவியை மட்டும் வெளியே விடும் துணிகள் பெருகியது அதன் பிறகுதான். இப்போது விற்பனைக்கு வரும் கையுறைகள் பலவற்றில் பாலியூரித்தேன் சவ்வும் உண்டு.

காற்றின் பங்கு எவ்வளவு என்பதை எண்களில் சொன்னால் தெளிவாக விளங்கும். அமெரிக்காவும் கனடாவும் 2001 முதல் பயன்படுத்தும் காற்றுக்குளிர்ச்சிச் சூத்திரத்தின்படி, 5 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் காற்று வீசினால் முகத்தோலுக்கு அது 3 டிகிரி போலவும், 30 கி.மீ. வேகத்தில் வீசினால் 0 டிகிரி போலவும், 40 கி.மீ. வேகத்தில் வீசினால் மைனஸ் 1 போலவும் இருக்கும். இந்தச் சூத்திரத்தில் வரும் வேகம் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் அளக்கப்படுவது. முகத்தின் உயரத்தில் காற்று அதைவிடக் குறைவாகவே இருக்கும் என்று கொண்டுதான் கணக்கிட்டிருக்கிறார்கள். வண்டி ஓட்டுபவரின் கையிலோ முழு வேகமும் நேராக மோதுகிறது. ஆகவே 40 கி.மீ. வேகத்தில் போகும் தங்கள் விரல்களுக்கு நிலைமை இந்தச் சூத்திரம் காட்டுவதைவிடச் சற்றுக் கடுமையாகவே இருக்கும். மேலும், இது முகத்துக்கான கணக்கு. விரல்கள் மெலிந்தவை என்பதால் தம் பருமனுக்கு அதிகமான தோல் பரப்பைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு இன்னும் விரைவாகச் சூட்டை இழக்கின்றன. இதைப் படித்துப் பயப்படவும் வேண்டாம். காற்று எவ்வளவு வீசினாலும் 5 டிகிரியில் விரல் 5 டிகிரிக்குக் கீழே போகாது, உறையவும் உறையாது. சூடு இறங்கும் வேகம்தான் கூடுகிறது. ஆனால் விரல்தோலின் வெப்பநிலை சுமார் 15 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே நுணுக்கமான வேலைகளைச் செய்யும் திறன் வெகுவாகக் குறைந்துவிடும் என்பதால், கொண்டை ஊசி வளைவில் பிரேக் பிடிக்க வேண்டியவருக்கு அந்த இறக்கமே ஆபத்து.

இனி நம் மலைக்கு வருவோம், ஏனென்றால் வெளிநாட்டுக் கையுறை விமர்சனங்களை அப்படியே இங்கே பொருத்திப் பார்க்க முடியாது. நீலகிரியில் குளிர் இரண்டு வகையாக வருகிறது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வானம் தெளிந்து காற்று ஓய்ந்த இரவுகளில் தரை தன் சூட்டை வானத்துக்கு இழந்துவிட, கனமான குளிர்காற்று பள்ளங்களில் வந்து தேங்குகிறது. தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் போன்ற தாழ்வான இடங்களில் புல்வெளி வெள்ளையாக உறைபனி படர்ந்து கிடக்கும் அதே காலையில், 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா உச்சியில் குளிர் சற்றுக் குறைவாக இருப்பதும் உண்டு. இந்த வகைக் குளிரில் இயற்கையான காற்று இல்லை. வண்டியின் வேகமே காற்றை உண்டாக்குகிறது. இன்னொரு வகை, ஜூன் முதல் ஆகஸ்டு வரை மேற்குப் பக்கத்திலும், அக்டோபர், நவம்பரில் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்திலும் மழையோடும் மஞ்சோடும் சேர்ந்து வீசும் காற்று. வெப்பமானி 12 டிகிரி காட்டினாலும் ஈரம் சேர்ந்தால் கை விறைத்துவிடும். மெல்லிய காற்றுத்தடைக் கையுறை, முதல் வகைக் குளிரில் வண்டி ஓட்டவும் வேகமாக நடக்கவும் மிகப் பொருத்தமானது. உறைபனியில் அசையாமல் உட்கார்ந்து பறவைக்காகக் காத்திருப்பவருக்கு அது போதாது. தொடர் மழையில் இன்னும் போதாது. எதற்காக வாங்குகிறோம் என்பதைத் தீர்மானித்துவிட்டால் சோதனை எளிதாகிவிடும்.

கடையிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. கையுறையின் துணியை உதட்டோடு இறுக்கி வைத்துக்கொண்டு பலமாக ஊத வேண்டும். மறுபக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தால், சாதாரணப் பின்னல் துணியில் மூச்சு தாராளமாக வந்து படும். நல்ல காற்றுத்தடைத் துணியில் கன்னம் உப்புமே தவிர ஒன்றும் வராது. (கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, கைக்குட்டையை இடையில் வைத்துக்கொண்டு ஊதுவது மரியாதை.) இந்தச் சோதனையைப் புறங்கையோடு நிறுத்திவிடக் கூடாது. பல கையுறைகளில் சவ்வு வைத்த துணி புறங்கையில் மட்டுமே இருக்கும்; உள்ளங்கைக்குச் செயற்கைத் தோலும், விரல்களின் பக்கவாட்டில் ஓடும் ஒல்லியான பட்டைகளுக்கு நீண்டு கொடுக்கும் சாதாரணத் துணியும் வைத்துத் தைத்திருப்பார்கள். கைப்பிடியை மடக்கிப் பிடிக்கும்போது விரல்கள் விரிந்து, காற்றுக்கு முகம் கொடுப்பவை அந்தப் பக்கவாட்டுப் பட்டைகளே. விலை உயர்ந்த ஜோடி ஒன்றில்கூடச் சுண்டுவிரலின் வெளிப்பக்கம் முழுவதும் பனியன் துணி போன்ற ஒன்றால் தைக்கப்பட்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். அதை அணிந்து ஓட்டினால் மற்ற விரல்கள் கதகதப்பாக இருக்கச் சுண்டுவிரல் மட்டும் கட்டையாகிவிடும். தையல் ஓட்டைகளையும் விரல்நுனிகள் சேரும் இடத்தையும் இதேபோல ஊதிப் பார்க்க வேண்டும். கையுறையின் வாயைச் சுருட்டிப் பிடித்துக் காற்றடைத்து, பலூன் போல அமுக்கிப் பார்த்தால் கசியும் இடம் கன்னத்தில் படும்போதே தெரிந்துவிடும்.

அளவைச் சரிபார்ப்பதில் அவசரம் கூடாது. பெருவிரலை விட்டுவிட்டு, உள்ளங்கையின் அகன்ற பகுதியைச் சுற்றித் தையற்கார நாடாவால் அளந்தால் அங்குலத்தில் வரும் எண்ணே பெரும்பாலும் கையுறையின் அளவு எண். ஐரோப்பிய அளவுமுறையில் 8 என்பது 203 மில்லிமீட்டர் சுற்றளவையும், மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனி வரை 182 மில்லிமீட்டர் நீளத்தையும் குறிக்கும். இணையத்தில் எம், எல் என்ற எழுத்தை நம்பி வாங்குவதைவிட இந்த அளவை வைத்து வாங்குவது நல்லது. அணிந்த பிறகு கையை இறுக மூடிப் பார்க்க வேண்டும். விரல்நுனியில் துணி இழுபட்டு அழுத்தினால் அந்த இடத்தில் அசையாக் காற்றும் இல்லை, இரத்த ஓட்டமும் குறைகிறது. முதலில் மரத்துப் போவது அந்த விரல்தான். மணிக்கட்டுப் பகுதி ஜெர்கின் கைக்குள் நுழைகிறதா, அல்லது கைக்கு மேலே ஏறி மூடுகிறதா என்பதையும் கடையிலேயே பார்த்துவிட வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் அகலத் தோல் தெரிந்தால்கூட, ஓடும் வண்டியில் காற்று அதன் வழியே முழங்கை வரை ஏறும். நாடித்துடிப்பு பார்க்கும் அந்த இடத்தில் இரத்தக் குழாய்கள் தோலை ஒட்டி ஓடுவதால் விரல்களுக்குப் போகும் இரத்தமே குளிர்ந்துவிடும்.

வீட்டில் செய்யக்கூடிய சோதனைக்கு ஒரு மேசை மின்விசிறி, மருந்துக்கடையில் கிடைக்கும் மெல்லிய ரப்பர் கையுறைகள், மீன்தொட்டிக் கடைகளில் விற்கும் ஒயருடன் கூடிய சிறிய டிஜிட்டல் வெப்பமானி ஆகியவை போதும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது. அது உடல் வெப்பநிலையை ஒட்டிய சில டிகிரிகளை மட்டுமே காட்டும். ரப்பர் கையுறையை வெறுமையாகவே சோதிக்க வேண்டிய கையுறைக்குள் நுழைத்து, விரல்களை ஒவ்வொன்றாக நேராக்கி, அதன் வாயை வெளியே மடித்துவிட்டு, 40 டிகிரி சூடுள்ள தண்ணீரை ஒரே டம்ளரால் அளந்து ஊற்ற வேண்டும். வெப்பமானியின் முனையை நடுவிரல் பக்கமாக இறக்கி, வாயை நூலால் கட்டி, திறந்த வராந்தாவில் ஒரு கொம்பில் தொங்கவிட்டால் தண்ணீராலான ஒரு கை கிடைத்துவிடுகிறது. முதலில் காற்று படாமல் அரைமணி நேரம், 5 நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு அதே சூட்டில் புதுத் தண்ணீர் ஊற்றி, ஒரு கை தூரத்தில் மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து மறுபடி குறிக்க வேண்டும். தங்கள் பழைய கம்பளிக் கையுறையையும் இதேபோல இருமுறை சோதித்து, நான்கு வரிசைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். விசிறி ஓடாதபோது கம்பளி பெரும்பாலும் வென்றுவிடும். விசிறி ஓடும்போது கம்பளியின் எண்கள் சரசரவென்று இறங்க, காற்றுத்தடைக் கையுறையின் எண்கள் நிதானமாக இறங்கும். எந்தக் கையுறையானாலும் காற்றில் ஓரளவு கூடுதலாகச் சூட்டை இழக்கத்தான் செய்யும், ஏனெனில் துணிக்கு வெளியே ஒட்டி நிற்கும் காற்றுப்படலத்தையும் விசிறி கலைத்துவிடுகிறது. ஆகவே விசிறியோடும் விசிறியின்றியும் ஒரே கையுறை காட்டும் வித்தியாசம் எவ்வளவு என்பதையே பார்க்க வேண்டும். அந்த வித்தியாசம் கம்பளியை ஒட்டி வந்தால், அட்டையில் என்ன அச்சிட்டிருந்தாலும் அது காற்றுத்தடைக் கையுறை அன்று.

அடுத்து ஈரம். இதை யாரும் செய்து பார்ப்பதில்லை, ஆனால் நம் மலையில் இதுதான் தீர்ப்பு சொல்லும் சோதனை. மேடேறும்போது கை வியர்க்கும்; உச்சியில் காற்றில் நின்றதும் அந்த வியர்வை ஆவியாகிக் கையின் சூட்டை எடுத்துக்கொள்ளும். ஒரு கிராம் வியர்வை ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் சூடு வேண்டும் என்பதை நினைத்தால், சிறிது ஈரமும் அலட்சியப்படுத்தக் கூடியதில்லை என்பது புரியும். மாடிப்படிகளில் ஏறி இறங்கிக் கை வியர்த்த பின் கையுறையைக் கழற்றிப் பாருங்கள். உட்புறத் துணி ஈரக்கையோடு ஒட்டிக்கொண்டு விரல்விரலாக வெளியே இழுபட்டு வந்தால், அதைத் திரும்ப உள்ளே தள்ளுவது மரத்த விரல்களால் முடியாத காரியம்; அந்தக் கையுறையை வாங்கியிருந்தால் உடனே திருப்பிக் கொடுத்துவிடலாம். பிறகு வெளிப்புறத்தில் சில துளி நீரைத் தெளித்து, துளிகள் உருண்டு விழுகின்றனவா அல்லது துணி குடித்துவிடுகிறதா என்று பார்க்கலாம். காற்றைத் தடுப்பதெல்லாம் நீரைத் தடுப்பது ஆகாது. சவ்வு நீர்புகாததாக இருந்தாலும் தையல்களில் நாடா ஒட்டாவிட்டால் மழைநீர் ஊசித்துளைகள் வழியே உள்ளே வரும்.

கடைசியாக விரல்களின் வேலைத்திறன். பாதுகாப்புக் கையுறைகளுக்கான ஐரோப்பிய விதிமுறையில், வெவ்வேறு பருமனுள்ள உலோகக் குச்சிகளைக் கையுறையோடு மேசையிலிருந்து பொறுக்கி எடுக்கச் சொல்கிறார்கள். 11 மில்லிமீட்டர் குச்சியை மட்டும் எடுக்க முடிந்தால் அது முதல் நிலை, 5 மில்லிமீட்டர் குச்சியை எடுக்க முடிந்தால் ஐந்தாம் நிலை. 30 விநாடிக்குள் மூன்று முறை எடுத்துக் காட்ட வேண்டும். வீட்டில் பென்சிலையும், அதைவிட ஒல்லியான பேனா ரீஃபிலையும் வைத்து இதைச் செய்யலாம். மெல்லிய கையுறை ரீஃபிலையும் எடுத்தாக வேண்டும். எடுக்காவிட்டால் மெல்லியதை வாங்குவதில் பொருளே இல்லை. கூடவே ஜெர்கின் ஜிப், வண்டிச் சாவி, ஷூ கயிறு, பைனாகுலரின் திருகு ஆகியவற்றையும் முயன்று பாருங்கள்.

இவ்வளவும் தேறிய பிறகே சாலைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். முதல் நாள் வீட்டைச் சுற்றி ஒரு குறுகிய தூரம், பழைய கையுறையை ஜெர்கின் பையில் வைத்துக்கொண்டு, பகல் வெளிச்சத்தில் ஓட்டிப் பார்ப்பதே முறை. எஞ்சினை அணைத்த நிலையில் பிரேக் லீவரையும் கிளட்சையும் அமுக்கிப் பார்த்து, இரண்டு விரல் அழுத்தம் துணிக்குள்ளும் துல்லியமாகத் தெரிகிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். இன்னொன்றையும் அழுத்திச் சொல்லியாக வேண்டும்: நடைக்கும் ஓட்டத்துக்கும் செய்யப்பட்ட மெல்லிய கையுறைகள் விழுந்தால் கையைக் காக்காது. மனிதன் விழும்போது முதலில் ஊன்றுவது உள்ளங்கையைத்தான். தினமும் உதகைச் சாலையில் ஓட்டும் தாங்கள், உள்ளங்கையிலும் மணிக்கட்டிலும் தடித்த பாதுகாப்பு வைத்த ஓட்டுநர் கையுறையை ஓர் அளவு பெரிதாக வாங்கி, மெல்லிய காற்றுத்தடைக் கையுறையை அதற்குள் அணிவதே சரி. ஞாயிற்றுக்கிழமை நடையின்போது மேலுறையை வண்டிப் பெட்டியில் வைத்துவிட்டு மெல்லியதோடு மட்டும் போகலாம்.

கேள்வி: கோக்கர்ஸ் வாக்கில் சூரிய உதயத்தைப் படமெடுக்க விடியுமுன்பே போய் நிற்பவள் நான். கையுறையோடு கைபேசித் திரையும் கேமராப் பொத்தான்களும் வேலை செய்ய வேண்டும், குளிரவும் கூடாது. என்னிடம் உள்ள கம்பளிக் கையுறையின் மேல் மெல்லிய காற்றுத்தடைக் கையுறையைப் போடலாமா, அல்லது உள்ளே போட வேண்டுமா? (கொடைக்கானல் வாசகி)

பதில்: கம்பளி உள்ளே, காற்றுத்தடை வெளியே, வரிசை இதுவாகத்தான் இருக்க வேண்டும். கம்பளி வெளியே இருந்தால் அதன் காற்றைக் குளிர்காற்று வழக்கம்போல அடித்துக்கொண்டு போய்விடும். உள்ளே இருக்கும் மெல்லிய துணியின் பலன் மட்டுமே மிஞ்சும். ஆனால் தங்கள் கம்பளிக் கையுறை தடித்ததாகவும் மேலே போடுவது சரியான அளவினதாகவும் இருந்தால், இரண்டும் சேர்ந்து விரலை நெரித்துவிடும். தடித்த கம்பளியை விட்டுவிட்டு, ஒட்டினாற்போல் இருக்கும் மெல்லிய கம்பளி உள்ளுறை ஒன்றைத் தேடி வாங்கி, காற்றுத்தடையை ஓர் அளவு கூடுதலாக எடுப்பது நல்லது.

அசையாமல் நிற்பவர் தாங்கள் என்பதால் இன்னொரு வழியையும் யோசிக்கலாம். விரல் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றி எவ்வளவு தடிமன் சேர்த்தாலும், தடிமன் கூடக்கூட வெளிப்பரப்பும் கூடிக்கொண்டே போவதால் ஓர் எல்லைக்கு மேல் பலன் குறைந்துவிடுகிறது. நான்கு விரல்களையும் ஒரே உறைக்குள் சேர்த்து வைக்கும் பை போன்ற கையுறை அதே தடிமனில் அதிகக் கதகதப்பைத் தருவது இதனால்தான். விரல்நுனிப் பகுதி மட்டும் மடங்கித் திறந்து மூடும் வகையும் கிடைக்கிறது. அதை மேலுறையாக அணிந்து, படமெடுக்கும் கணத்தில் மட்டும் திறந்து, உள்ளே இருக்கும் மெல்லிய கையுறையால் பொத்தானை இயக்கலாம். உலோகக் கேமரா உடலை வெறும் விரலால் தொடுவது காற்றைவிட விரைவாகச் சூட்டை உறிஞ்சும் என்பதால் அந்த மெல்லிய அடுக்கை எக்காரணத்தாலும் கழற்ற வேண்டாம்.

கைபேசித் திரை, விரலின் மின்னேற்பை, அதாவது சிறு மின்னூட்டத்தை ஏற்கும் தன்மையை, உணர்ந்து இயங்குவது. சாதாரணத் துணி அதை மறைத்துவிடும். ஆட்காட்டி விரலிலும் பெருவிரலிலும் மின்கடத்தும் நூல் கலந்து தைத்த கையுறைகளே வேலை செய்யும். கடையில் திரையைத் தள்ளிப் பார்த்துத் திருப்தி அடையாமல், ஒரு நீண்ட குறுஞ்செய்தியைத் தட்டச்சு செய்து பாருங்கள். விரல்நுனித் துணி தொளதொளவென்று இருந்தால் எழுத்துகள் மாறி விழும். அந்த நூல் தேயத் தேயத் திரை கேட்காமல் போவதும் உண்டு. மஞ்சு படிந்த ஈரத்திரை எந்தக் கையுறைக்கும் சரியாக இணங்காது என்பதால், கேமராவில் பெரிய பொத்தான்களுக்கு முக்கியமான வேலைகளை ஒதுக்கி வைத்துக்கொள்வது தங்களைப் போன்றவர்களுக்கு உதவும்.

இதோடு, கை குளிர்கிறது என்றால் முதலில் தலையையும் மார்பையும் கவனியுங்கள். உடம்பின் நடுப்பகுதி குளிரத் தொடங்கியதும், உள்ளுறுப்புகளைக் காக்கும் பொருட்டு உடல் விரல்களுக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்துவிடுகிறது. ஸ்வெட்டருக்கு மேலே காற்றுப் புகாத ஜெர்கின் ஒன்றும், கழுத்தில் ஒரு மப்ளரும் இருந்தால் அதே கையுறை கூடுதலாக உழைப்பதைக் காண்பீர்கள்.

கேள்வி: விடியற்காலையில் கேரட் அறுவடை செய்து கழுவும் வேலை எங்களுக்கு. கையுறை அணிந்தாலும் பத்து நிமிடத்தில் நனைந்துவிடுகிறது. இந்தக் காற்றுத்தடைக் கையுறை எங்களுக்கு உதவுமா? (கேத்தி பாலாடா வாசகர்)

பதில்: உதவாது, தயவுசெய்து அதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம். தண்ணீர், அசையாத காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். கையுறை நனைந்துவிட்டால் அதற்குள் இருந்த காற்றின் இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்கிறது. தங்களுக்கு வேண்டியது முழங்கைக்குப் பாதிவரை ஏறும், துளையில்லாத ரப்பர் அல்லது பி.வி.சி. கையுறை, அதைத் தொளதொளப்பான அளவில் வாங்கி உள்ளே மெல்லிய கம்பளி உள்ளுறை அணிய வேண்டும். உள்ளுறை வியர்வையால் ஈரமாகும் என்பதால் இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு வேலை நடுவே மாற்றிக்கொள்வது அவசியம். குளிருக்கான தொழிற்கையுறைகளில் பனித்துகள் படமும் அதன் கீழே மூன்று எண்களும் அச்சிட்டிருந்தால், அது ‘இ.என். 511’ என்ற ஐரோப்பிய விதிமுறையின்படி சோதிக்கப்பட்டது என்று பொருள். முதல் எண் குளிர்காற்றுக்கும், இரண்டாவது எண் குளிர்ந்த பொருளைத் தொடுவதற்கும் உரியவை. இரண்டும் 0 முதல் 4 வரை இருக்கலாம். மூன்றாவது எண் நீருக்கு உரியது. அது 1 ஆக இருப்பதை மட்டும் பார்த்து வாங்குங்கள், 0 என்றாலும் எக்ஸ் என்ற எழுத்து இருந்தாலும் தங்கள் வேலைக்கு ஆகாது. தோட்ட உரிமையாளர்கள் இதைத் தொழிலாளர் செலவில் விடாமல் தாங்களே வாங்கித் தருவதுதான் நியாயம் என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: என் அம்மாவுக்கு வயது ஐம்பத்தெட்டு. குளிர்ந்த காலையில் இரண்டு மூன்று விரல்கள் மட்டும் மெழுகு போல வெளுத்து, பிறகு நீலமாகி, சூடுபட்டதும் சிவந்து எரிகின்றன. நல்ல கையுறை வாங்கினால் சரியாகுமா? (குன்னூர் வாசகி)

பதில்: கையுறை உதவும், ஆனால் அதற்கு முன் மருத்துவரிடம் காட்டுங்கள். விரல்களின் சிறு இரத்தக் குழாய்கள் குளிரில் அளவுக்கு மீறிச் சுருங்குவதால் இப்படி நிறம் மாறுவதை 1862-இல் பிரெஞ்சு மருத்துவர் மோரிஸ் ரேனோ விவரித்தார். இன்றும் அவர் பெயராலேயே அது வழங்குகிறது. இளம் வயதில் தொடங்குவது பெரும்பாலும் தொந்தரவோடு நின்றுவிடும். நடுவயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கினாலோ, ஒரு கையில் மட்டும் வந்தாலோ, விரல்நுனியில் புண் தோன்றினாலோ வேறு நோய் பின்னால் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரப்படும் சில மாத்திரைகள் இதை அதிகமாக்கக்கூடும் என்பதால் அம்மா சாப்பிடும் மருந்துகளின் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். தாமாக எதையும் நிறுத்திவிட வேண்டாம். வெளியே போகுமுன், கை இன்னும் சூடாக இருக்கும்போதே கையுறையை அணிவிக்க வேண்டும்; குளிர்ந்த கையை உறைக்குள் நுழைத்தால் அது குளிரையே காத்து வைக்கும். மரத்துப்போன விரல்களைக் கணப்பின் மேலோ அடுப்பின் மேலோ காட்டக் கூடாது, உணர்வு இல்லாததால் தோல் வெந்துபோவது தெரியாது. வெதுவெதுப்பான நீரோ, அக்குளில் கையை வைத்துக்கொள்வதோ போதும்.

கேள்வி: காற்றுத்தடைக் கையுறையைத் துவைக்கலாமா? எப்படி உலர்த்துவது? எங்கள் வீட்டில் மழைக்காலத்தில் எதுவுமே காய்வதில்லை. (உதகை வாசகர்)

பதில்: துவைக்கத்தான் வேண்டும், வியர்வை உப்பும் எண்ணெய்ப் பசையும் சவ்வின் நுண்துளைகளை அடைத்தால் ஆவி வெளியேறாமல் உள்ளே ஈரம் சேரும். வெதுவெதுப்பான நீரில் சிறிதளவு திரவச் சோப்பைக் கலந்து, கையில் அணிந்தபடியே ஒன்றோடொன்று தேய்த்துக் கழுவி, சோப்பு முழுவதும் போகும்வரை அலசுங்கள். துணியை மிருதுவாக்கும் திரவத்தைச் சேர்க்க வேண்டாம், அது வெளிப்புறத்தின் நீர்விலக்கும் பூச்சைக் கெடுத்துவிடும். முறுக்கிப் பிழியாமல் துண்டுக்குள் சுருட்டி அமுக்கினால் பெரும்பகுதி நீர் வந்துவிடும். பிறகு விரல்நுனிகள் மேலே இருக்கும்படி, ஒவ்வொன்றுக்குள்ளும் சுருட்டிய செய்தித்தாளை வைத்து, தாள் ஈரமானதும் மாற்றி மாற்றி நிழலில் நிறுத்துங்கள். அடுப்பு மேலோ, ஹீட்டர் கம்பிக்கு நேராகவோ வைத்தால் சவ்வை ஒட்டிய பசை இளகி உள்துணி பிரிந்துவிடும். நன்றாகக் காய்ந்த பின், ஹேர் டிரையரின் குறைந்த சூட்டை வெளிப்புறத்தில் சற்று நேரம் காட்டினால் நீர்விலக்கும் பூச்சு பெரும்பாலும் மறுபடி வேலை செய்யத் தொடங்கும். நீர்த்துளி அப்போதும் உருளாமல் துணியில் ஊறினால், கடைகளில் தெளிப்பானாக விற்கும் நீர்விலக்கும் பூச்சை அடிக்க வேண்டியதுதான். ஒவ்வொரு குளிர்காலத் தொடக்கத்திலும் முன்பு சொன்ன ஊதிப் பார்க்கும் சோதனையை மறுபடி செய்யுங்கள். பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கும் தையல்தான் முதலில் விட்டுப்போகும். நூல் அறுந்தது கண்ணில் படுமுன்பே மூச்சு அதன் வழியே வந்துவிடும்.